டேக்அவுட் டபுளுக்குப் பிறகு டிரான்ஸ்ஃபர்: எந்த ஏலத்தில் வைத்துக்கொள்வது, எதில் விட்டுவிடுவது

நிலையான பார்ட்னரோடு பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடத் தொடங்கும் ஜோடிகள் சீக்கிரமே 1 நோ-டிரம்புக்கு மேல் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு சூட்டைச் சொல்லி அதற்கு அடுத்த மேல் சூட்டைக் காட்டும் முறை, வைத்துக்கொள்வார்கள். ஆஸ்வால்ட் ஜேக்கபி 1956-ல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. ஸ்வீடனில் ஒலே வில்னர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதியிருந்தார். அது பழகிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: டேக்அவுட் டபுள் ('பார்ட்னர், உங்கள் சூட்டைச் சொல்லுங்கள்' என்று கேட்கும் டபுள்) விழுந்த ஏலத்திலும் இதையே வைத்துக்கொண்டால் என்ன? அந்த முடிவை எடுக்க வேண்டிய ஜோடிகளுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டேமன், ஜேக்கபி டிரான்ஸ்ஃபர், பாயிண்ட் கணக்கு எல்லாம் கைவந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'டேக்அவுட் டபுளுக்குப் பதில்' என்று பேசும்போது இரண்டு ஏலங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்றில் நம் பார்ட்னர் ஓபன் செய்கிறார், எதிராளி டபுள் சொல்கிறார், நம் முறை வருகிறது. மற்றதில் எதிராளி ஓபன் செய்கிறார், நம் பார்ட்னர் டபுள் சொல்கிறார், நாம் பதில் சொல்கிறோம். டிரான்ஸ்ஃபர் முதலாவதில் நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவதில் ஒரே ஒரு கிளையில்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. காரணம், டிரான்ஸ்ஃபர் தருகிற லாபம் இரண்டு: கான்ட்ராக்டை யார் ஆடுவது என்பது மாறுகிறது, பதில் சொல்பவருக்கு இரண்டாவது முறை பேச வாய்ப்புக் கிடைக்கிறது. முதல் ஏலத்தில் இரண்டும் நமக்குச் சாதகம். இரண்டாவதில் முதல் லாபம் பல சமயம் நஷ்டமாகவே திரும்பிவிடுகிறது. இதைச் சீட்டுகளை வைத்தே பார்ப்போம்.

பார்ட்னர் ஓபன், எதிராளி டபுள்

வடக்கில் பார்ட்னர் 1 ஸ்பேட் ஓபன் செய்கிறார். கிழக்கு டபுள். தெற்கில் நீங்கள். உங்களுக்குப் பின்னால் மேற்கு.

பெரும்பாலான ஜோடிகள் ஆடும் வழக்கமான முறை இப்படி இருக்கும். 10 பாயிண்டும் அதற்கு மேலும் இருந்தால் ரீடபுள். இரண்டாம் லெவலில் புது சூட் சொன்னால் பலவீனமான கை, நீண்ட சூட், பார்ட்னர் பாஸ் செய்யலாம். 1 நோ-டிரம்ப் என்றால் ஏழு முதல் ஒன்பது பாயிண்ட் வரை, சமமாகப் பிரிந்த கை. 2 ஸ்பேட் என்றால் மூன்று துருப்பு, நான்கு முதல் ஒன்பது வரை எதுவும் இருக்கலாம். நான்கு துருப்போடு நல்ல கை வந்தால் 2 நோ-டிரம்ப். இதை அமெரிக்காவில் ஜோர்டன் என்பார்கள், மற்ற இடங்களில் டிரஸ்காட், இங்கிலாந்தில் டார்மர். 3 ஸ்பேடுக்குத் தாவினால் அது எதிராளியின் வழியை மறிக்க மட்டும்.

இந்த முறை எளிது, யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. நல்ல கை எல்லாமே ரீடபுளுக்குள் போய் அடைபடுகிறது. 2 ஸ்பேட் என்ற ஒரே அழைப்பு மிக அகலமான கைகளைச் சுமக்கிறது.

டிரான்ஸ்ஃபர் முறையில் 1 நோ-டிரம்பிலிருந்து எல்லாம் ஒரு படி நகர்கிறது. 1 நோ-டிரம்ப் கிளப்பைக் காட்டும். 2 கிளப் டைமண்டைக் காட்டும். 2 டைமண்ட் ஹார்ட்டைக் காட்டும். 2 ஹார்ட், அதாவது பார்ட்னரின் சூட்டுக்கு நேர் கீழே உள்ளது, மூன்று துருப்போடு நல்ல ஆதரவு, சுமார் ஏழரை முதல் ஒன்பதரை வரை. 2 ஸ்பேட் அதே மூன்று துருப்போடு பலவீனமான ஆதரவு. 2 நோ-டிரம்பும் 3 ஸ்பேடும் பழையபடியே. அமெரிக்காவில் மைக் கேப்பலெட்டியின் பெயரில் வழங்கும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். பார்ட்னர் 1 ஹார்ட் ஓபன் செய்திருந்தால் 1 ஸ்பேட் இயல்பாகவே இருக்கும். 1 நோ-டிரம்ப் கிளப், 2 கிளப் டைமண்ட், 2 டைமண்ட் நல்ல ஹார்ட் ஆதரவு.

நல்ல கை ரீடபுளில் அடைபடுவது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு கையைப் பாருங்கள். உங்களிடம் ஸ்பேடில் 6, 3. ஹார்ட்டில் 7, 4. டைமண்டில் ஏஸ், குயின், 10, 8, 7, 3. கிளப்பில் கிங், குயின், 5. பதினொரு பாயிண்ட். வழக்கமான முறையில் ரீடபுள் சொல்கிறீர்கள். மேற்கிடம் ஆறு ஹார்ட், டைமண்டில் ஒரு சீட்டுகூட இல்லை. அவர் சும்மா இருப்பாரா? 4 ஹார்ட் என்று குதிக்கிறார். பார்ட்னர் பாஸ், கிழக்கு பாஸ். இப்போது உங்கள் முறை. உங்கள் டைமண்ட் பற்றி மேஜையில் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் லெவலில் முதல் முறையாக அதைச் சொல்வதா, டபுள் போட்டு வந்ததை வாங்கிக்கொள்வதா?

பார்ட்னரின் கை இது: ஸ்பேடில் ஏஸ், கிங், 9, 8, 5, ஹார்ட்டில் 6 மட்டும், டைமண்டில் கிங், 9, 5, 4, கிளப்பில் ஏஸ், 7, 4. டைமண்ட் துருப்பானால் ஒரே ஒரு ஹார்ட்தான் போகும், பன்னிரண்டு ட்ரிக் இருக்கிறது. 4 ஹார்ட்டை டபுள் செய்து அடித்தால் இரண்டு ஸ்பேடும் மூன்று கிளப்பும் எடுக்கலாம், அதாவது இரண்டு டவுன். இரு தரப்பும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது அது 300. நீங்கள் 5 டைமண்ட் ஆடியிருந்தால் ஒரு கூடுதல் ட்ரிக்கோடு 420. ஸ்லாமே போட்டிருந்தால் 920.

டிரான்ஸ்ஃபர் ஆடும் ஜோடி முதல் முறையிலேயே 2 கிளப் என்று சொல்லி டைமண்டைக் காட்டிவிடும். மேற்கு 4 ஹார்ட்டுக்குக் குதித்தாலும் பார்ட்னருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு டைமண்ட், ஒற்றை ஹார்ட், வெளியே இரண்டு ஏஸ். 5 டைமண்ட் சொல்வார். ஸ்லாம் எட்டும் என்று சொல்ல மாட்டேன், எதிராளி அந்த இடத்தைப் பறித்துவிட்டார். ஆனால் 300-க்கும் 420-க்கும் நடுவே ஊகம் செய்ய வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது.

இங்கே நடப்பது என்னவென்றால், வழக்கமான முறையில் 'சூட்டைச் சொன்னால் பலம் இல்லை, பலத்தைச் சொன்னால் சூட் தெரியாது' என்று இருந்த கட்டுப்பாடு உடைகிறது. 2 கிளப் சொன்னவரிடம் ஐந்து பாயிண்டும் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். பார்ட்னர் 2 டைமண்ட் என்று பூர்த்தி செய்வார். பலவீனமான கை பாஸ் செய்யும். நல்ல கை மேலே போகும். இயல்பாகச் சொல்லும் 2 டைமண்டுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது, ஏனென்றால் பார்ட்னர் பாஸ் செய்துவிடலாம்.

அப்புறம் ஆதரவைப் பிரித்துக் காட்டும் விஷயம். இந்த முறைக்குள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இது மற்ற எல்லாவற்றையும்விட அடிக்கடி வருகிறது. ஸ்பேடில் குயின், 7, 4; ஹார்ட்டில் 9, 6, 5; டைமண்டில் ஜாக், 8, 6, 2; கிளப்பில் ஜாக், 4, 3 என்று ஒரு கை. நான்கு பாயிண்ட். அடுத்து, ஸ்பேடில் கிங், 7, 4. ஹார்ட்டில் 9, 6. டைமண்டில் ஏஸ், 8, 6, 2. கிளப்பில் ஜாக், 7, 4, 3. எட்டு பாயிண்ட், இரண்டும் பயனுள்ள பெரிய சீட்டுகள். வழக்கமான முறையில் இரண்டுக்கும் 2 ஸ்பேட். மேற்கு 3 ஹார்ட் சொன்னதும் பதினாறு பாயிண்ட் வைத்திருக்கும் பார்ட்னர் என்ன செய்வார்? முதல் கையோடு 3 ஸ்பேட் தோற்கலாம், இரண்டாவது கையோடு 4 ஸ்பேடே வரலாம். 2 ஹார்ட், 2 ஸ்பேட் என்று இரண்டு படி இருந்தால் அவர் அறிந்து பேசுவார். பலவீனமான கையோடு 2 ஸ்பேட் சொல்வதிலும் தைரியம் வரும், ஏனென்றால் பார்ட்னர் அதை நம்பி மேலே ஓட மாட்டார்.

மூன்றாவது லாபம் லீட். மேற்கு ஹார்ட் சொல்லி ஏலத்தை எடுத்தால் டிக்ளேரர் மேற்கு, முதல் சீட்டை இறக்குவது வடக்கு, அதாவது உங்கள் பார்ட்னர். உங்களிடம் ஸ்பேடில் 10, 8, 3. ஹார்ட்டில் 7, 2. டைமண்டில் ஏஸ், கிங், 9, 5, 4. கிளப்பில் 9, 6, 3. வழக்கமான முறையில் 2 ஸ்பேட் சொல்லிவிட்டு, பார்ட்னர் ஸ்பேட் கிங்கை விட்டுவிட்டு டைமண்ட் இறக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபரில் 2 கிளப் சொல்லி டைமண்டைக் காட்டி, அடுத்த முறை 2 ஸ்பேடுக்குத் திரும்பலாம். 'உங்கள் சூட்டுக்கு ஆதரவு உண்டு, லீட் டைமண்ட்' என்பது தெளிவாகப் போய்ச் சேர்கிறது. வல்னரபிளாக 4 ஹார்ட் ஒரு மேஜையில் ஜெயித்து (620), அடுத்த மேஜையில் ஒரு டவுன் (100) ஆனால் 720 வித்தியாசம். டீம் ஆட்டத்தின் புள்ளிக் கணக்கில் அது 12 இம்ப். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கடைசியாக, யார் ஆடுவது. கிழக்கு டபுள் போட்டதால் எதிராளிகளின் பலம் பெரும்பாலும் கிழக்கில் இருக்கிறது, அதாவது வடக்குக்கு அடுத்து ஆடும் இடத்தில். ஹார்ட் கான்ட்ராக்டை நீங்கள் தெற்கிலிருந்து ஆடினால் மேற்கு லீட். அவர் கிளப் இறக்குகிறார், மேஜையில் திறந்து வைத்த டம்மியில் பார்ட்னரின் கிங்கும் 6-ம் கிடக்கின்றன, பின்னால் கிழக்கிடம் ஏஸ், குயின். இரண்டு ட்ரிக் போச்சு. அதே கான்ட்ராக்டை டிரான்ஸ்ஃபர் வழியாக வடக்கு ஆடினால் முதல் சீட்டு கிழக்கிடமிருந்து வர வேண்டும். அவர் எதைத் தொட்டாலும் தன் ஏஸ்-குயினிலிருந்தோ கிங்கிலிருந்தோ பிரிந்து வர வேண்டியிருக்கிறது. டபுள் போட்டவரையே லீடில் உட்கார வைப்பது உண்மையான லாபம்.

நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இயல்பான 1 நோ-டிரம்ப் போய்விட்டது. எட்டு பாயிண்ட், சமமான கை, பார்ட்னரின் சூட்டில் இரண்டு சீட்டு என்றால் பாஸ்தான். டீம் ஆட்டத்தில் இதனால் பெரிதாக எதுவும் குறையாது. பாஸ் செய்துவிட்டு அடுத்த முறை பேசலாம். ஆனால் ஒரே கையை ஆடிய மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டுப் புள்ளி தரும் மேட்ச்பாயிண்ட் ஆட்டத்தில் 90-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம்கூட முழுப் பலகையையும் தீர்மானிக்கும், அங்கே இது உறைக்கிறது. அடுத்த நஷ்டம், எதிராளிக்கு நாம் கூடுதல் இடம் கொடுக்கிறோம். நீங்கள் 2 டைமண்ட் சொல்லி ஹார்ட்டைக் காட்டினால் மேற்கு அதை டபுள் செய்து டைமண்ட் வைத்திருப்பதைச் சொல்லலாம், அல்லது 2 ஹார்ட்டைத் தன் பலத்தைக் காட்டப் பயன்படுத்தலாம். நல்ல எதிராளிகள் இதைப் பயன்படுத்துவார்கள். இருந்தாலும் தட்டில் வைத்துப் பார்த்தால் லாபப் பக்கம் தெளிவாகத் தாழ்கிறது.

ரீடபுளுக்கும் நல்லது நடக்கிறது. நீண்ட சூட் உள்ள கைகளும் ஆதரவுள்ள கைகளும் வெளியே போய்விட்டதால், ரீடபுள் சொன்னவர் பத்துக்கு மேல் வைத்திருக்கிறார், பார்ட்னரின் சூட்டில் சீட்டு குறைவு, எதிராளியை அடிக்க விரும்புகிறார் என்று அர்த்தம் சுத்தமாகிறது. அதன் பிறகு நம் இருவரில் யார் டபுள் சொன்னாலும் அது அடிக்கத்தான்.

பார்ட்னர் 1 கிளப் அல்லது 1 டைமண்ட் ஓபன் செய்து டபுள் விழுந்தால்? 1 கிளப்புக்கு மேல் ரீடபுளிலிருந்தே நகர்த்தும் முறை உண்டு: ரீடபுள் டைமண்ட், 1 டைமண்ட் ஹார்ட், 1 ஹார்ட் ஸ்பேட். ஓபனர் ஆடுகிறார் என்ற லாபம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் பலத்தைக் காட்டும் ரீடபுளை இழக்கிறோம். அதோடு முதல் லெவலில் இயல்பாகச் சொல்லும் 1 ஹார்ட்டும் 1 ஸ்பேடும் ஏற்கெனவே பார்ட்னரைப் பேச வைக்கும் அழைப்புகள்தான், இரண்டாவது வாய்ப்பு இல்லாமல் தவிக்கும் நிலை அங்கே இல்லை. மேஜர் (ஹார்ட், ஸ்பேட்) ஓபனிங்கில் இந்த முறை இரண்டு பேருக்கும் ஊறிய பிறகு இதைப் பற்றி யோசிக்கலாம்.

பார்ட்னரே டபுள் போட்டால்

இப்போது மறுபக்கம். மேற்கு 1 கிளப் ஓபன், வடக்கில் பார்ட்னர் டபுள், கிழக்கு பாஸ், தெற்கில் நீங்கள். வழக்கமான பதில்கள் தெரிந்தவைதான்: பூஜ்யத்திலிருந்து எட்டு வரை சூட்டை அடிமட்டத்தில் சொல்வது, ஒன்பது முதல் பதினொன்று வரை ஒரு படி தாவுவது, பன்னிரண்டுக்கு மேல் எதிராளியின் சூட்டையே சொல்வது.

டிரான்ஸ்ஃபர் ஆதரவாளர்கள் சொல்வது: 1 டைமண்ட் ஹார்ட்டைக் காட்டட்டும், 1 ஹார்ட் ஸ்பேடைக் காட்டட்டும், டபுள் போட்ட பலமான கை மறைந்திருந்து ஆடும், பூஜ்யமா எட்டா என்பதை அடுத்த முறை சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பாருங்கள். பலம் மேற்கில் இருக்கிறது. வடக்கு அவருக்கு அடுத்து ஆடுகிறார். எனவே வடக்கின் கிங்கும் ஏஸ்-குயினும் யார் லீட் செய்தாலும் பத்திரமாகவே இருக்கின்றன. மேற்கு ஆடிய பிறகுதானே வடக்கு ஆட வேண்டும்! பாதுகாப்பு தேவைப்படுவது தெற்கின் சீட்டுகளுக்கு. உங்களிடம் கிளப்பில் கிங்கும் 5-ம் இருக்கின்றன என்று வையுங்கள். நீங்களே ஆடினால் லீட் மேற்கிடமிருந்து, கிங் பிழைக்கும். டிரான்ஸ்ஃபர் போட்டு வடக்கை ஆட வைத்தால் லீட் கிழக்கிடமிருந்து. கிழக்கு கிளப் இறக்குவார், டம்மியில் உங்கள் கிங் திறந்து கிடக்கும், மேற்கு ஏஸ்-குயினோடு காத்திருப்பார். முன்பு நாம் கிழக்குக்குச் செய்ததை இப்போது நமக்கே செய்துகொள்கிறோம். ஓபன் செய்தவரை லீடில் வைப்பதுதான் நமக்கு நல்லது. இயல்பான பதில் அதைத் தானாகவே செய்கிறது. பலமான கை மறைந்திருப்பதில் லாபம் இல்லாமல் இல்லை, எதிராளிகளுக்குக் கணக்குப் போடுவது கடினமாகும். அது இந்த நஷ்டத்தை ஈடுகட்டப் போதாது.

இடமும் பிரச்சினை. 1 கிளப் ஓபனிங்குக்கு மேல் டைமண்ட் மட்டும் வைத்திருக்கும் பலவீனமான கை எங்கே போகும்? மேற்கு 1 ஸ்பேட் ஓபன் செய்திருந்தால் கிளப்பைக் காட்ட 1 நோ-டிரம்பை எடுக்க வேண்டும். ஸ்பேடில் தடுப்போடு ஏழெட்டுப் பாயிண்ட் வைத்திருக்கும்போது இயல்பாகச் சொல்லும் 1 நோ-டிரம்ப் இங்கே மிகப் பயனுள்ளது, ஏனென்றால் பார்ட்னரின் டபுளுக்கு நாம் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும். முந்தைய பகுதியில் எளிதாகக் கைவிட்ட அதே 1 நோ-டிரம்ப் இங்கே விலை உயர்ந்தது. எனவே முதல் லெவல் ஓபனிங், பார்ட்னர் டபுள், அடுத்தவர் பாஸ் என்ற ஏலத்தில் இயல்பான பதில்களை மாற்ற வேண்டாம்.

பலவீனமான 2 ஓபனிங்குக்கு மேல் பார்ட்னர் டபுள் போடும் ஏலமும் ஏறக்குறைய இப்படித்தான், ஆனால் காரணம் வேறு. மேற்கு 2 ஸ்பேட், வடக்கு டபுள், கிழக்கு பாஸ். இங்கே போட்டியாளர்கள் லெபன்சோலும் டிரான்ஸ்ஃபரும். லெபன்சோலில் 2 நோ-டிரம்ப் பலவீனத்தைக் காட்டி பார்ட்னரை 3 கிளப் சொல்ல வைக்கும், பிறகு பாஸ் செய்யலாம் அல்லது உங்கள் சூட்டுக்குப் போகலாம். நேராக மூன்றாம் லெவலில் சூட் சொன்னால் சுமார் எட்டு முதல் பதினொன்று வரை. டிரான்ஸ்ஃபரில் 2 நோ-டிரம்ப் கிளப், 3 கிளப் டைமண்ட், 3 டைமண்ட் ஹார்ட். டிரான்ஸ்ஃபர் சூட்டை முதலிலேயே சொல்கிறது, லெபன்சோல் பலத்தை முதலிலேயே சொல்கிறது. எது தேவை? கிழக்கு பாஸ் செய்துவிட்டார், மேற்கு ஏற்கெனவே தன் கையைச் சொல்லி முடித்துவிட்டார். அவர்கள் நடுவில் புகுந்து சூட்டை மறைக்கும் ஆபத்து குறைவு. மறுபுறம், பதினேழு பாயிண்ட் வைத்திருக்கும் பார்ட்னர் உங்களிடம் இரண்டா பத்தா என்று அறிய வேண்டும். 3 டைமண்ட் டிரான்ஸ்ஃபரைக் கேட்டதும் அவர் வெறுமனே 3 ஹார்ட் சொல்வதா, 4-க்குத் தாவுவதா என்பது ஊகம். லெபன்சோலில் நேராக வந்த 3 ஹார்ட்டுக்கு அவர் நிம்மதியாக 4 ஹார்ட் போடுவார். இங்கே லெபன்சோலை வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு ஆதரவு கொடுத்தால் கதை மாறுகிறது

மேற்கு 1 ஹார்ட், வடக்கு டபுள், கிழக்கு 2 ஹார்ட். இப்போது உங்களைப் பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மேற்கு இன்னும் பேசலாம். ஆறு டைமண்டும் ஆறு பாயிண்டும் வைத்திருந்தால் 3 டைமண்ட் சொல்லத்தான் ஆசை. ஐந்து டைமண்டும் பத்து பாயிண்டும் வைத்திருந்தாலும் அதே 3 டைமண்ட். பார்ட்னர் பதினாறோடு விழிப்பார். வழக்கமான முறையில் இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. இயல்பான 2 நோ-டிரம்ப் இந்த இடத்தில் அநேகமாக வருவதே இல்லை, ஏனென்றால் எதிராளிகள் இருவரும் பேசிவிட்டார்கள், நமக்கு அவ்வளவு சமமான பலம் மிஞ்சாது. ஆக 2 நோ-டிரம்பிலிருந்து நகர்த்த இடம் சும்மா கிடக்கிறது.

ஜெஃப் ரூபன்ஸின் பெயரோடு சேர்த்து ரூபன்சோல் என்று வழங்கும் டிரான்ஸ்ஃபர் அமைப்பை இங்கே பொருத்தலாம். 2 ஸ்பேட் இயல்பானது, போட்டிக்குச் சொல்வது. 2 நோ-டிரம்ப் கிளப்பைக் காட்டும். 3 கிளப் டைமண்டைக் காட்டும். 3 டைமண்ட் எதிராளியின் ஹார்ட்டுக்கே டிரான்ஸ்ஃபர் என்பதால் அது கேள்வியாகிறது: நல்ல கை, பார்ட்னர் தன் கையை விவரிக்கட்டும். 3 ஹார்ட் ஐந்து ஸ்பேடோடு நல்ல கை. பலவீனமாக டைமண்ட் வைத்திருப்பவர் 3 கிளப் சொல்லி, பார்ட்னரின் 3 டைமண்டைப் பாஸ் செய்வார். பத்து பாயிண்ட் வைத்திருப்பவர் 3 கிளப் சொல்லிவிட்டு மேலே நகர்வார். இரண்டு சூட்டில் விளையாடத் தயார் என்றால் எப்போதும்போல டபுள்.

லெபன்சோலையும் இதே இடத்தில் ஆடலாம். அப்படி ஆடினால் நீங்கள் 2 நோ-டிரம்ப் சொன்னதும் மேற்கு 3 ஹார்ட்டுக்குப் போய்விடுவார். உங்கள் சூட் கிளப்பா டைமண்டா என்று தெரியாமல் பார்ட்னர் பாஸ் செய்ய வேண்டியதாகும். மேற்கு இங்கே உயிரோடு இருக்கிறார், துருப்புப் பொருத்தமும் தெரிந்துவிட்டது. முந்தைய பலவீனமான 2 ஏலத்தில் குறைவாக இருந்த ஆபத்து இங்கே முழுதாக நிற்கிறது. டிரான்ஸ்ஃபரில் சூட் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, 3 ஹார்ட் வந்தாலும் பார்ட்னர் தன் நான்கு டைமண்டைக் கணக்கில் எடுத்து 4 டைமண்ட் வரை போவார். யார் ஆடுவது என்ற நஷ்டம் இங்கேயும் உண்டு. ஆனால் மூன்றாம் லெவலில் போட்டி போடும்போது சூட்டும் பலமும் சேர்ந்து தெரிவது அதைவிடப் பெரிது. எனவே நம் பக்கத்து டபுளில் டிரான்ஸ்ஃபருக்கு நான் ஒதுக்கும் ஒரே இடம் இதுதான்.

மேஜைக்குக் கொண்டுபோகும் முன்

எந்த முறையும் மறந்துபோனால் பயனில்லை. 2 டைமண்ட் சொல்லி ஹார்ட்டைக் காட்டிய பிறகு பார்ட்னர் மறந்து பாஸ் செய்தால் இரண்டு டைமண்டைத் துருப்பாக வைத்து ஆட வேண்டியிருக்கும். எனவே முதலில் மேஜர் ஓபனிங் மீது விழும் டபுளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்போது ஆடுவதில்லை என்பதையும் அதே நாளில் பேசிவிடுங்கள்: எதிராளி டபுள் போடாமல் சூட்டை ஓவர்கால் செய்தால் கிடையாது, இரண்டு சூட்டைக் காட்டும் ஓவர்காலுக்கு மேலும் கிடையாது. நீங்கள் முன்பே பாஸ் செய்தவராக இருந்தால் உண்டா என்பதை இருவரும் ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும். நான் உண்டு என்றே வைக்கச் சொல்வேன், லீட் காட்டும் லாபம் அப்போதும் அப்படியே இருக்கிறது.

மேற்கு உங்கள் டிரான்ஸ்ஃபரை டபுள் செய்தால் ஓபனர் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி ஒப்பந்தம் வேண்டும். ஓபனர் அந்த சூட்டைப் பூர்த்தி செய்தால் மூன்று சீட்டு உண்டு, பாஸ் செய்தால் இரண்டோ குறைவோ என்று வைத்துக்கொள்வது எளிது. டபுள் வராதபோது ஓபனர் பூர்த்தி செய்வது சாதாரண விஷயம். ஆறு நல்ல ஸ்பேடும் உங்கள் சூட்டில் ஒற்றைச் சீட்டும் இருந்தால் மட்டும் 2 ஸ்பேட் சொல்லி விலகலாம்.

எதிராளிக்குத் தெரிவிப்பதும் நம் பொறுப்பு. நேர் மேஜையில் பார்ட்னர் அலர்ட் செய்ய வேண்டும், கேட்டால் 'டைமண்ட் காட்டுகிறது, பலம் எதுவாகவும் இருக்கலாம்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் சொல்பவரே தன் அழைப்புக்கு விளக்கம் எழுதுகிறார், அது பழகவும் நல்லது, ஒவ்வொரு முறையும் அர்த்தத்தை நீங்களே தட்டச்சு செய்கிறீர்கள். அங்கேயே ஏல மேஜை ஒன்றைத் திறந்து, 1 ஸ்பேட் ஓபனிங்குக்கு மேல் கிழக்கு டபுள் போடும் கைகளை மட்டும் தேர்ந்தெடுத்து இருவரும் ஏலம் விட்டுப் பாருங்கள். 2 ஹார்ட்டுக்கும் 2 ஸ்பேடுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில்தான் முதலில் கருத்து வேறுபடும். எட்டு பாயிண்டில் எத்தனை ஜாக் இருக்கின்றன, எத்தனை ஏஸ் இருக்கின்றன என்று பேசி அந்தக் கோட்டை முதலில் போட்டுவிடுங்கள். மற்ற அழைப்புகளில் விவாதிக்க அவ்வளவு இருக்காது.